எத்தனை அடுப்பு?

உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "காஸ் அடுப்பு ஒன்று, கரண்ட் அடுப்பு ஒன்று, காஸ் தீர்ந்த அன்றைக்கு அது, கரண்ட் போன அன்றைக்கு இது" என்பீர்கள். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் போன வருஷம் என்னை இந்தக் கேள்வி கேட்டபோது நானும் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதைக் கேட்கலே, சார். அந்த மனையிலே எத்தனை குடும்பம் தனித்தனியாச் சமைக்கப் போறீங்க?" என்றார்.

இதற்குப் பதில் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் காலி இடம் இருக்கலாம். கல்யாணமான தம்பியோ, பிள்ளையோ, அந்த இடத்தைச் சாயங்கால வேளையில் காலால் அளந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் இது உங்கள் கதையும்தான்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து நாலு மைல். பெயர் வேண்டாம், சொன்னால் ஊரார் என்னைச் சும்மா விட மாட்டார்கள். சென்னை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் புறநகர் ரயில் ஏறினால், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போய், கடைசியில் இறக்கிவிடும். ஊரில் எங்களுக்கு ஒரு சீமை ஓட்டு வீடு. கூடம் ஒன்று, அறை இரண்டு, சமையல்கட்டு ஒன்று. பின்னால் கிணறு, முருங்கை மரம், மாடு இல்லாத மாட்டுக் கொட்டகை. எல்லாம் சேர்த்து 8 சென்ட். சதுர அடிக் கணக்கில் 3,485 சொச்சம்.

நான் பத்திரிகை உத்தியோகம் என்று பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தங்கையைப் பொன்னேரியில் கொடுத்திருக்கிறது. அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. ஊர் வீட்டில் அம்மாவும் தம்பியும், தம்பி பெண்டாட்டியும், ஒரு கைக்குழந்தையும். தம்பி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுப்பான். அம்மாவுக்கு அப்போதுதான் அம்மியில் அரைக்கத் தோன்றும். குழந்தைக்கும் அப்போதுதான் அழத் தோன்றும். இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

"அண்ணா, கொட்டகையைப் பிரிச்சிட்டு அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கிறேனே" என்றான் தம்பி.

"தாராளமாகக் கட்டு. நம்ம இடம். யாரைக் கேட்க வேண்டும்?" என்றேன், பெரிய மனிதத் தோரணையில்.

நம்ம இடம் என்று நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது நத்தம். நகரத்து வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தை அளந்தபோது நஞ்சை, புஞ்சை, ஏரி, மேய்க்கால், சுடுகாடு என்றெல்லாம் பிரித்துவிட்டு, ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் மேட்டை மட்டும் 'கிராம நத்தம்' என்று தனியாக விட்டார்கள். வயலுக்குப் போட்ட தீர்வை அதற்கு இல்லை. வெகு காலம் பட்டாவும் இல்லை. எவன் குடியிருக்கிறானோ அவன்தான் பாத்தியஸ்தன். 1980-களின் கடைசியில் நத்தம் நிலவரித் திட்டம் என்று ஒன்று வந்தது. சங்கிலியோடு சர்வேயர்கள் வந்து தெருத் தெருவாக அளந்தார்கள். முதலில் 'தோராய பட்டா' என்று ஒரு காகிதம்; ஆட்சேபணை ஏதாவது வந்தால் விசாரித்து முடித்த பிறகு 'தூய பட்டா'. எவ்வளவு அழகான பெயர்கள், பாருங்கள்! மனிதர்களுக்குக்கூட இப்படி இரண்டு பட்டா கொடுக்கலாம்.

எங்கள் அப்பா தம் பெயருக்கு வந்த தூய பட்டாவை டிரங்குப் பெட்டியில், கல்யாண வேஷ்டிக்கு அடியில் வைத்திருந்தார். அதன்மேல் அவருக்கு ஓர் அலாதிப் பற்று. 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம், பழைய செங்கை அண்ணா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கிராம நத்தம் அரசாங்கத்தின் சொத்து அல்ல, வீடு கட்டிக் குடியிருப்பவர்களுடையது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் பக்கமெல்லாம் அந்த மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, 1997-ல்தான் திருவள்ளூர் மாவட்டம் என்று பிரிந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பை எங்கள் ஊர்க்காரர்கள் ஏதோ தங்களுக்கே கிடைத்தது போலக் கொண்டாடினார்கள்.

இடம் நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பது வேறு சமாசாரம் என்று பாங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது. வீட்டுக் கடன் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பிளான் வேண்டும் என்றார்கள்.

ஊரில் பெரியவர்களைக் கேட்டேன். "அதெல்லாம் பிரசிடெண்டு கையெழுத்துப் போடுவாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா முடிஞ்சுது" என்றார் ஒரு தாத்தா. பாவம், அவர் சொன்னது பழைய காலம். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் எல்லாம் முன்பே இருக்கின்றன. அவற்றின் மேல் 2019-ல் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' என்று ஒரு பெரிய புத்தகமே வந்துவிட்டது. சென்னைக்கு ஒன்று, பட்டணத்துக்கு ஒன்று, பட்டிக்காட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த விதிகளை எல்லாம் அதில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். 2023-ல் கிராம ஊராட்சிகளும் இணையதளத்தில் ஒற்றைச் சாளர முறைக்கு வந்தன. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தாத்தா சொன்ன வாசற்படியில் பிரசிடெண்டு இல்லை. மாஜி பிரசிடெண்டுதான் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"வேறே இடம் வாங்கிக் கட்டுவதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலையும் அதற்கப்பால் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும். கிழக்கே ஏரிப் பாசன நஞ்சை. கார்த்திகை மாதம் வந்து பார்த்தால் வயலெல்லாம் தண்ணீர் நின்று, நத்தம் மட்டும் தீவு மாதிரி தெரியும். வயலில் வீடு கட்டலாமென்றால், திட்டம் போடாத பகுதிகளில் விளைநிலத்தை மாற்ற 2017-ல் வந்த விதிகளின்படி, கலெக்டரின் இசைவு வரை போக வேண்டும். நெல் விளைகிற பூமியை அவ்வளவு சுலபமாக மாற்ற விடக் கூடாது என்பது என் அபிப்பிராயமும்கூட. ஆனால் ஒன்று: அந்த நத்தம் எங்கள் பாட்டனார் காலத்தில் எத்தனை அகலமோ இன்றைக்கும் அத்தனை அகலந்தான். ஜனங்கள் மட்டும் பெருகியிருக்கிறோம்.

தம்பி 2015-ல் ஒரு வயலில் கல் நட்டு விற்ற மனைக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவன். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. ஆனால் பத்திரமே ஆகாத எங்கள் முன்பணத்துக்கு எந்த வழியும் பிறக்கவில்லை. வாங்கிய தரகரும் ஊரில் இல்லை. அன்று முதல் "மனை" என்று யாராவது வாயெடுத்தால் தம்பி எழுந்து போய்விடுவான்.

இன்னொரு யோசனையும் அவனுக்கு இருந்தது. சிப்காட்டில் வேலை செய்ய ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பையன்களுக்காக, எங்கள் தெருவில் ஒருவர் கொல்லையில் வரிசையாகப் பத்து அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். நாம் வீட்டோடு நாலு அறையும் கட்டினால் என்ன என்றான். அந்தப் பத்து அறையையும் நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் அறையிலும் நாலு பேர், மூலைக்கு ஓர் அடுப்பு, பத்து அறைக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். வேண்டாமப்பா என்றேன். இதில் மட்டும் அம்மா என் கட்சி.

இப்படியாகத்தான் நாங்கள் மருந்துக் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்மணி பதிவு பெற்ற இன்ஜினீயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விதிகளைப் பஞ்சாங்கம் மாதிரி விரல் நுனியில் வைத்திருந்தார். அடுப்புக் கேள்வியை அவர் கேட்டதன் காரணத்தையும் விளக்கினார். தனியாக வசிக்கவும், சமைக்கவும், குளியல் கழிப்பிடத்துக்கும் வசதி இருந்தால் அது சட்டப்படி ஒரு தனிக் குடியிருப்பு. இரண்டு அறை கூடுதலாகக் கட்டினால் அது இருக்கிற வீட்டின் விஸ்தரிப்பு. அதிலேயே ஒரு சமையலறை வந்துவிட்டால் அது இரண்டாவது வீடு. ஒரே மனையில் இரண்டு வீடு கட்டக் கூடாது என்றில்லை. ஆனால் இரண்டு என்று காட்டி, இரண்டுக்கும் வேண்டிய காலியிடம் விட்டு, இரண்டுக்கும் கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். மழைநீர்த் தொட்டி எப்படியும் உண்டு. 2003-லிருந்து அதற்கு யாரும் தப்ப முடியாது.

எனக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றியது. "சமையலறையை 'ஸ்டோர் ரூம்' என்று போட்டுவிட்டால் என்ன?"

"நிறையப் பேர் இப்படிக் கேட்கிறாங்க, சார். கட்டி முடிச்ச பிறகு உங்க தம்பி புது ரேஷன் கார்டு கேட்பாரில்லையா? அந்த ஆபீஸிலே தனிச் சமையலறை இருந்தாத்தான் கார்டு. இங்கே இல்லேன்னு எழுதி, அங்கே இருக்குன்னு எழுதுவீங்களா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, குடும்ப அட்டைக்கு ஒரு பெண்மணிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று கணக்கு வந்ததும், தனிக் கார்டு இல்லையே என்று அவன் வீட்டில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். 2024 ஜூலையில் அரசாங்கம் 'சுயசான்று' முறை கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ என்றால், உடையவரே சான்று கொடுத்து, கட்டணம் கட்டி, இணையத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மனை 3,485. ஒன்றாக இருக்கிற வரைக்கும் அந்தச் சலுகை இல்லை.

"பாகப்பிரிவினை செஞ்சு தனித்தனி மனை ஆயிட்டா, உங்க தம்பி சுயசான்றிலேயே முயற்சி பண்ணலாம். அப்போ அது இரண்டாவது வீடே இல்லே, சார். அவர் மனையிலே அது முதல் வீடு" என்றார்.

சிட்னி நகரத்தில் குடியேறிவிட்ட என் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு இதைச் சொன்னேன். அவன் வீட்டுக் கொல்லையிலும் ஒரு குட்டி வீடு இருக்கிறது. அதற்கு அந்த ஊரில் 'பாட்டி வீடு' என்றே பெயராம். அவன் இருக்கும் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் 2009-லிருந்து இதற்கு வழி செய்திருக்கிறார்கள். 60 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 645 சதுர அடி வரை கட்டிக்கொள்ளலாம். ஆனால் மனையை இரண்டாகப் பிரித்துத் தனியே விற்க முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலமும் வீட்டுப் பஞ்சம் தாளாமல் 2017-லிருந்து கொல்லை வீடுகளுக்குச் சட்டத்தைத் தளர்த்தியது. "பிரிக்காதே, கட்டிக்கொள்" என்கிறது நண்பன் ஊர்ச் சட்டம். எங்களுக்குக் கிடைத்த வழியோ பிரித்துக்கொண்டு கட்டுவது. வேடிக்கைதான். ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னபோது வேடிக்கையாக இல்லை.

அம்மா கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் மாமியார், நாத்தனார்கள் எல்லாருக்கும் ஒரே அடுப்பு. விடியற்காலையில் முதலில் எழுந்து அதைப் பற்றவைத்தவள் அவள்தான். "நான் கண்ணை மூடட்டும், அப்புறம் நாலா வேணும்னாலும் பிரிச்சுக்குங்க" என்று சொல்வாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "உன் தங்கச்சியைக் கேட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

வாசகர்களே, உங்களிடம் ஒளிக்க வேண்டாம். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா உயில் எழுதி வைக்கவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் அம்மாவுக்கும், எங்கள் மூவருக்கும் சமபங்கு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. பூர்வீகச் சொத்திலேகூடப் பெண்ணுக்குப் பங்கு என்று 1989-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது, 2005-ல் மத்திய அரசும் செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பெண்களின் சொத்துரிமையைப் பற்றி நானே இரண்டு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல கட்டுரை என்று பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன!

தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். நாலு பெயர். மூன்றாவது பெயரைப் பார்த்துவிட்டுப் பத்திர எழுத்தர், "தங்கச்சிகிட்டே ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுங்க, சார். கல்யாணத்துக்குச் சீர் செஞ்சிருப்பீங்க இல்லே? எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் நகலும் அடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த ரயில் பொன்னேரியில் நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவன் நான். பொன்னேரியில் நான் இறங்கி எத்தனை நாளாயிற்று என்று அன்றைக்கு யோசித்தேன். போன பொங்கலுக்கு வரிசை வைக்க இறங்கியதுதான். கையில் இனிப்புப் பெட்டியும் பழமும். பையில் அந்த நகலும்.

தங்கை வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். மிஷின்மேல் இருந்த துணியை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். நான் ஏதோ பேச ஆரம்பித்தேன். "இரு அண்ணா, படிக்கிறேன்" என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். நான் எழுதும் கட்டுரைகளைக்கூட அவ்வளவு நிதானமாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி வீடு கட்டிக்கணும். அதுக்கு நான் சம்மதிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அம்மா."

"இதிலே அப்படிப் போடலியே. எனக்கு அந்த இடத்திலே இனிமே எந்தப் பாத்தியமும் இல்லேன்னு இல்லே போட்டிருக்கு?"

"அது... வழக்கமா எழுதறது..."

"சரி. உன் பங்குக்கும் இப்படி ஒண்ணு எழுதியிருக்கா, அண்ணா? நீயும் அங்கே இருக்கப் போறதில்லியே. நீ பெரம்பூரு, நான் பொன்னேரி. தூரம் பார்த்தா நான்தான் கிட்டே இருக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்து, இனிப்புப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். நான் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலையெல்லாம் ஓய்ந்து, ரிடையரான பிறகு, ஊரில் அந்த முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. அந்த ஆசைக்கு இடம் வேண்டுமே! அதனால்தான் என் பங்கை விடுவது என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. அவளுக்கும் அப்படி ஓர் ஆசை இருக்கலாம் என்பதை நான் நினைக்கவில்லை.

காபியைக் கொடுத்துவிட்டு, "நீ காலேஜ் போனப்போ கொட்டகையிலே இரண்டு மாடு இருந்தது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

எப்படி மறக்கும்? முதல் வருஷச் சம்பளத்துக்கு ஒன்றும், இரண்டாம் வருஷத்துக்கு ஒன்றுமாக அந்த மாடுகள் போயின. அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது விற்க மாடு இல்லை.

"அந்தக் கொட்டகையிலே தினம் சாணி வாரினவ நானு. அது எனக்கு வேணும்னு கேட்கலே. அவன் கட்டட்டும், நல்லா இருக்கட்டும். கட்டறதுக்குச் சம்மதம்னு எத்தனை காகிதத்திலே வேணும்னாலும் போடறேன். விடுதலை மட்டும் போட மாட்டேன்."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

'சம்மதம் கிடைத்ததே, போதாதா?' என்று நினைப்பீர்கள். பாங்கியில் போதாது என்றார்கள். கூட்டுச் சொத்தின் பேரில் கடன் வேண்டுமென்றால் பங்குதாரர் அத்தனை பேரும் அடமானத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பி வாங்கும் கடனுக்கு அம்மாவின் பங்கும், தங்கையின் பங்கும் ஈடு. நாளைக்குத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தால்? சிப்காட்டைச் சுற்றி வாழ்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. விடுதலை எழுத மாட்டேன் என்று சொன்னவளிடம் போய், "அப்படியானால் உன் பங்கை அடமானம் வை" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. தம்பிக்கும்தான். "வேண்டாம் அண்ணா, நான் சிப்காட் பக்கமே வாடகைக்குப் போயிடறேன்" என்றான். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றங்கரையிலிருந்து கொட்டகையின் கடைசி மூங்கில் வரைக்கும் நடந்து காட்டி, "இது எவ்வளவு இருக்கும்?" என்றாள்.

தெருவுக்குப் போக ஒரு வழியும் சேர்த்தால் 3 சென்ட் வரும் என்று அளந்து சொன்னேன்.

"அவன் பங்கு இரண்டு. இன்னொண்ணு யாரு தரது?" என்று கேட்டுவிட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தங்கை கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை காபி வரும் வரைக்கும் யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை.

"நான் தரேன்" என்றேன்.

பாகப்பிரிவினைப் பத்திரம் அப்படித்தான் எழுதினோம். பின்பக்கம் 3 சென்ட், 1,307 சதுர அடி, தம்பிக்கு மட்டும். முன்பக்கத்து வீடும் 5 சென்ட்டும் அம்மாவும் தங்கையும் நானும் கூட்டாக. கிணறு நாலு பேருக்கும் பொது. தங்கைக்கு அதில் முழுசாக 2 சென்ட் பங்கு, எனக்கு ஒன்று. பத்திர எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தைந்து வருஷச் சர்வீஸில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை என்றார். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் காமிராவுக்கு முன்னால் அம்மா ஜாக்கெட் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். விரல் ரேகையை இயந்திரத்தில் வைத்த பிறகு, கையெழுத்தையும் எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டாள். தங்கை சாட்சிகளுக்கு முன்னால் இன்னொரு தடவை பத்திரத்தை முழுக்கப் படித்தாள். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. அவள் லட்சியம் செய்யவில்லை.

உட்பிரிவு செய்து பட்டா மாற்றுவதற்கு சர்வேயர் வரத் தாமதமாயிற்று. அதை எழுதினால் இந்தக் கட்டுரை அடுத்த இதழுக்கும் தொடரும். நம் பத்திரிகையில் தொடர்கதைகள் போதுமான அளவு இருக்கின்றன. பட்டா வந்த பிறகு மருந்துக் கடை மாடிப்படி ஏறினோம். இன்ஜினீயர் அம்மாள் பழைய பிளானைத் தள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டார். கட்டடம் 560 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. வடகிழக்கு மூலையில் வாஸ்துப்படி ஒன்றும் வரக் கூடாது என்று தம்பி மாமனார் வீட்டார் சொன்னதையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை அடுப்பு?" என்று கேட்டார் கடைசியில்.

"ஒன்று" என்றான் தம்பி. இந்தத் தடவை ஸ்டோர் ரூம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தென்கிழக்கு மூலையில் 'சமையலறை' என்று தெளிவாக எழுத்து விழுந்தது. அனுமதி வந்த தாளை அம்மா பார்க்க வேண்டும் என்றாள். அப்பாவின் தூய பட்டா இருந்த டிரங்குப் பெட்டியிலேயே, அதே வேஷ்டிக்கு அடியில், அதன் நகல் ஒன்றை வைத்துவிட்டாள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, தொலைந்து போகாது என்று தம்பி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

சுவர் இப்போது லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. முருங்கை மரத்தை வெட்டவில்லை. வழியைச் சற்று வளைத்து விட்டோம். என் ஒரு சென்ட் எங்கே என்று நான் போகும்போதெல்லாம் தேடிப் பார்க்கிறேன். சுமாராக அந்த மரத்தடியில்தான் இருக்க வேண்டும், நாற்காலி போட இடம் காணும். இப்போதெல்லாம் போகும்போது ஒரு தடவையாவது பொன்னேரியில் இறங்குகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் அச்சுக்குப் போகும் அவசரத்தில் இருந்தபோது தங்கை போன் செய்தாள். தை மாதம் பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்றாம்.

"அடுப்பு வாங்கிடாதீங்க. அது என் சீர். கடையிலே சொல்லி வெச்சுட்டேன். இரண்டு பர்னரா மூணு பர்னரான்னு மட்டும் தம்பி பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்லு, அண்ணா" என்றாள்.